வெள்ளிக்கிழமை மாலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் இசையன்பர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஜார்ஜ் டவுனில் ஒரு வீடுதான் நினைவுக்கு வரும். அங்கே மேடை இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, மிருதங்கமும் இல்லை. அம்மையார் ஒருவர் தரையில் அமர்ந்து வீணை மீட்டுவார். மெல்லிய குரலில் தாமே உடன் பாடுவார். அவையில் கைதட்டல் பெற்றுப் பழகிய வித்துவான்கள் அந்தக் கூடத்தில் ஓசைப்படாமல் அமர்ந்திருப்பார்கள். சிறு சலசலப்பையும் அம்மையார் பொறுப்பதில்லை. அவர்தாம் வீணை தனம்மாள்.

1867ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய கலைஞர்கள். பாட்டி காமாட்சி ஆடலில் புகழ்பெற்றவர். தாய் சுந்தரம்மாள் பாடகர். தாய்வழியாகவே அறியப்பட்ட குடும்பம் அது. பிற்காலத்தில் அவருடைய பேத்தியரான பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோரின் பெயருக்கு முன்னால் ‘டி’ என்னும் தலைப்பெழுத்து நின்றது. அது தந்தை பெயரின் முதலெழுத்து அன்று. தஞ்சாவூர் என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்து. சென்னைக்குக் குடிவந்து தலைமுறைகள் கடந்த பின்னும் அவ்வூரை அவர்கள் பெயரிலிருந்து இறக்கிவைக்கவில்லை.

தனம்மாளின் கல்வி பல வாயில்களின் வழியே வந்தது. வீட்டில் பெற்றது போக, முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர் வழியில் வந்த சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கீர்த்தனைகளைக் கற்றார். பார்வையற்ற இசைவாணரான பாலதாஸ் நாயுடுவிடம் சேத்திரக்ஞரின் பதங்களைக் கற்றார். பதம் என்பது காதலின் பல நிலைகளைச் சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், விரித்துக் கூறும் இசைப்பாடல். விரைந்து பாடினால் அது உயிரிழந்துவிடும். கேட்பவர் பொறுமையையும் பாடுபவர் மூச்சையும் ஒருசேரச் சோதிக்கும் அவ்வடிவத்தையே தனம்மாள் தம் வீட்டின் செல்வமாக்கிக்கொண்டார். தருமபுரி சுப்பராயர் இயற்றிய சாவளிகளும் அவ்வீட்டில்தான் செழித்தன.

அவர் வீணை மீட்டிய முறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். வீணைத் தந்தியை ஒருமுறை மீட்டினால் எழும் ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். அதனால் அடிக்கடி மீட்டத் தோன்றும். ஒலியைப் பெருக்க விரலில் கம்பிச் சுருள் அணிந்துகொள்வோரும் உண்டு. தனம்மாள் எதையும் அணியவில்லை. வெறும் விரலால் மென்மையாக மீட்டுவார். அடுத்த மீட்டுக்கு அவசரப்படமாட்டார். ஒலி அடங்குவதற்குள் இடக்கை விரலால் தந்தியை இழுத்து, அந்த ஒரே மீட்டிலிருந்து அடுத்தடுத்த சுரங்களை வருவிப்பார். பெரிய அரங்கின் பின்வரிசைக்கு அவ்விசை எட்டியிருக்காது. அதற்காக அவர் இசையை மாற்றிக்கொள்ளவில்லை; கேட்க விரும்பியவர்களே நெருங்கி வந்து அமர்ந்தார்கள்.

இந்த உறுதிக்கு விலை இருந்தது. நடுவயதுக்குப் பின் அவருடைய கண்பார்வை மங்கத் தொடங்கி, முடிவில் முற்றிலும் மறைந்தது. செல்வமும் நிலைக்கவில்லை. வெளியுலகமும் மாறிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவருடைய மரபைச் சேர்ந்த பெண்கலைஞர்களின் ஆடலுக்கு எதிரான குரல்கள் வலுத்தன. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையையும் சேர்த்தே இழிவாக எண்ணினார்களே, அதனை நன்று என்று சொல்லிவிட முடியாது. பெண்களில் பெரும்பாலோர் எழுத்தறியாது இருந்த காலத்தில் மும்மொழிப் பாடல்களை நினைவில் தாங்கி, ஒரு குடும்பத்தையும் தாங்கிய ஒருவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் தம் மரபே தலைகுனிய வேண்டியது என்று பேசப்படுவதைக் கேட்க நேர்ந்தது.

அவ்வீடு தலைகுனியவில்லை. இராசலட்சுமி, இலட்சுமிரத்தினம், செயம்மாள், காமாட்சி என மகளிர் நால்வர். கடைசிப் பெயர் பாட்டியின் பெயர் என்பதைக் கவனிக்கலாம். நால்வருக்கும் இசையே கல்வி. காமாட்சியின் மகள்களான பிருந்தாவும் முக்தாவும் தாளத்தில் வல்லவரான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்றார்கள். வீட்டுச் சொத்தைக் கண்ணுங்கருத்துமாகக் காத்த குடும்பம், வெளியில் கற்க வேண்டியதைக் கற்கத் தயங்கவில்லை. செயம்மாளின் மகள் பாலசரசுவதி ஆட விரும்பியபோதுதான் பெரும் சிக்கல் எழுந்தது. ஆடுவது பழிக்கு இடமாகிவிட்ட காலம். உறவினரிடையே எதிர்ப்பு இருந்தது. இருந்தும் 1925ஆம் ஆண்டு, ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அச்சிறுமியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பின்னாளில் மகளின் ஆட்டத்திற்குத் தாய் செயம்மாளே பாடினார். மெதுநடைப் பதத்தின் ஒரே வரி மீண்டும் மீண்டும் ஒலிக்க, பாலசரசுவதியின் முகமும் கையும் ஒவ்வொரு முறையும் அதற்குப் புதுப்பொருள் உரைத்தன. ஒரே மீட்டில் பல சுரம் வருவித்த பாட்டியின் பேத்தி அல்லவா!

1930களில் கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் வீணையை இசைத்தட்டில் பதிவு செய்தது. தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஓடும். மணிக்கணக்கில் விரிந்த வெள்ளிக்கிழமை இசை அதற்குள் எப்படி அடங்கும்? ஆனாலும் அறுபதைக் கடந்த விரல்களின் நிதானம் அத்தட்டுகளின் கீறல் ஒலியையும் மீறிக் கேட்கிறது.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். பாலசரசுவதிக்கு 1973ஆம் ஆண்டிலும் பிருந்தாவுக்கு 1976ஆம் ஆண்டிலும் சென்னை மியூசிக் அகாதெமி ‘சங்கீத கலாநிதி’ விருதை வழங்கியது. செயம்மாளின் மகன்களான இரங்கநாதன் மிருதங்கத்தையும் விசுவநாதன் புல்லாங்குழலையும் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். பாட்டி மறைந்தபோது விசுவநாதனுக்கு வயது பதினொன்று. கச்சேரியில் பதம் வாசிக்கையில் இடையிடையே அவர் குழலைத் தாழ்த்திவிட்டு, அதே வரியைத் தம் குரலில் மெல்லப் பாடுவார். பாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் குழலைத் தொடர்வார்.