ஒரு ஃப்ளாப்பி தேடிய கதை

எங்கள் பள்ளிக் கணினி அறைக்குப் பின்னால், தட்டுமுட்டுச் சாமான்கள் வைக்கும் சிற்றறையில், பழைய துணியால் மூடப்பட்ட இரண்டு கணினிகள் நெடுநாளாக உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை எழுப்ப வேண்டிய அவசியம் சென்ற ஜூலை மாதம் எங்களுக்கு நேர்ந்தது. முன்னாள் மாணவியர் விழாவிற்கு அழைப்பு அனுப்பப் பெயர்கள் தேவை. பழைய பதிவேட்டையோ கரையான் தின்றுவிட்டது. அக்காலத்தில் நூலகத்தைக் கவனித்துவந்த சிஸ்டர், இரவெல்லாம் கண்விழித்து அப்பெயர்களைத் தட்டச்சு செய்து சேமித்தது அந்தக் கணினியில்தான்!

ஆவலோடு நாங்கள் நால்வரும் பொத்தானை அழுத்தினோம். கருந்திரையில் 'இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்' என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்! எங்கள் முகம் வாடிவிட்டது.

கணினி மிஸ் விளக்கினார். கணினி விழித்ததும் வட்டின் முதல் 512 பைட்டைத்தான் முதலில் படிக்குமாம். அதிலுள்ள சிறு நிரல், 'ஐஓ.சிஸ்' என்ற கோப்பைத் தேடி எடுக்கும். அக்கோப்பு கெட்டுப்போனால் விண்டோஸ் 98 எழுந்திராது; ஆனால் மற்றக் கோப்புகள் பத்திரமாகவே இருக்கலாம். வெளியிலிருந்து ஒரு ஃப்ளாப்பியால் கணினியை எழுப்பினால் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தப் பழைய கணினிக்குப் பென் டிரைவால் எழுந்திருக்கத் தெரியாதாம்.

முதியோர் இல்லத்தில் ஓய்விலிருக்கும் சிஸ்டரிடம் ஓடினோம். "மீட்பு டிஸ்க் ஒண்ணு செஞ்சு வச்சேனே பிள்ளைகளா, நீலப் பெட்டியில பாருங்க" என்றார். பார்த்தோம். 'மீட்பு' என்ற எழுத்தை அடித்துவிட்டு, 'கிறிஸ்மஸ் நாடகம் 2001' என்று அவரே எழுதியிருந்தார்! நாடகம் மட்டுமே அதில் இருந்தது. "புது டிஸ்க் வாங்கக் காசு கேட்கக் கூச்சமா இருந்துச்சும்மா" என்று சிரித்தார். விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோன ஐந்து கன்னியர் எங்கள் நினைவுக்கு வந்தனர். சிஸ்டரிடம் அதைச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

நல்லவேளையாக, மற்றொரு கணினியில் விண்டோஸ் 98 எழுந்தது. கன்ட்ரோல் பேனலில் 'ஸ்டார்ட்அப் டிஸ்க்' செய்ய வழி இருந்தது. ஃப்ளாப்பிதான் கிடைக்கவில்லை. சோனி நிறுவனமே 2011-இல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டதாம். நீலப் பெட்டியில் இருந்தவை பத்து. பூசணம் பூத்தவை ஆறு. ஏழாவதைப் போட்டால் 'டிராக் 0 பேட்' என்றது. அந்த முதல் தடமே பழுதென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. எட்டாவது, கரகரவென்று ஓசையிட்டு ஒருவழியாக நிறைந்தது. ஒரு ஃப்ளாப்பியின் மொத்தக் கொள்ளளவே 1.44 மெகாபைட், எங்கள் கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுகூட அதில் அடங்காது!

அதை நோயாளிக் கணினியில் செருகினோம். திரையில் 'ஏ' என்ற எழுத்து வந்து நின்றது. 'டிர் சி:' என்று அடித்ததும் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடின. என்னே எங்கள் மகிழ்ச்சி!

இப்போது எங்களுக்குள் பிணக்கு. 'சிஸ் சி:' என்று அடித்தால் கணினி குணமாகிவிடும், உடனே அடிப்போம் என்றனர் இருவர். முதலில் பெயர்களை வெளியே எடுப்போம் என்றோம் மற்ற இருவர். மிஸ் எங்கள் பக்கம் சேர்ந்தார். ஒன்பதாவது ஃப்ளாப்பியில் பெயர்க் கோப்பை நகலெடுத்தோம். பிறகே பழுதுபார்த்தோம். கணினி எழுந்தது, ஐந்து நாள் உழைத்தது. ஆறாம் நாள் அதன் வட்டு சுழலவே மறுத்துவிட்டது.

அச்சிட்ட பட்டியலைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எங்களில் ஒருத்தியின் அம்மா பெயரும் அதில் இருந்தது. மீட்பு ஃப்ளாப்பியையும் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுல மிச்ச இடம் இருக்குமா? ஒரு நாடகம்…" என்று தொடங்கினார்.

மூலையிலிருக்கும் சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டோம். இனி அதில் யாரும் எதுவும் எழுத இயலாது.