ஆறு



கடந்த பள்ளி விடுமுறையில் ஜாவா நிரல்மொழியைக் கற்கத் தொடங்கினேன். பொலிடெக்னிக்கில் கணினித் துறை பயிலும் என் மகளே எனக்கு ஆசிரியை. மாணவர்களின் புள்ளிகளைப் பட்டியலிடச் சிறு நிரல் ஒன்று எழுதினேன். முழு எண்களை எழுத்துச்சரங்களாக மாற்ற வேண்டிய இடத்தில் 'இன்டிஜர்::டுஸ்டிரிங்' என்று எழுதினேன். இதற்கு 'மெத்தட் ரெஃபரன்ஸ்' என்று பெயர். 2014இல் வெளிவந்த ஜாவா 8இல் அறிமுகமானது. செயற்கூற்றின் பெயரை மட்டும் சுட்டினால் போதும். உள்ளீட்டைக் குறிப்பிட வேண்டியதில்லை.

கம்பைலர் ஏற்கவில்லை. சுட்டல் தெளிவற்றது என்று பிழை காட்டியது. ஒரு மணி நேரம் எழுத்துப்பிழை தேடிக் களைத்தேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, பெயரில் பிழையில்லை. அந்தப் பெயரில் இங்கே பொருந்துபவை இரண்டு இருக்கின்றன."

உண்மைதான். ஒன்று, எண்ணை உள்ளீடாகப் பெற்றுச் சரமாக்கும் பொதுச் செயற்கூறு. மற்றொன்று, அந்த எண்பொருளுக்கே உரியது. அதற்கு உள்ளீடு தேவையில்லை. கையில் இருப்பதோ ஓர் எண். அதை முதலாவதற்கு உள்ளீடாகவும் கொடுக்கலாம். இரண்டாவதற்கு உரிமையாளராகவும் கொள்ளலாம். இரண்டும் பொருந்துவதால் கம்பைலர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நின்றுவிட்டது. 'எண் -> எண்.டுஸ்டிரிங்()' என லாம்டாவாக விரித்து எழுதியதும் பிழை நீங்கியது. 'ஸ்டிரிங்::வேல்யூஆஃப்' என்று எழுதினாலும் போதுமாம்.

நன்னூல் கூறும் பொதுமொழி நினைவுக்கு வந்தது. 'வேங்கை' என்பது விலங்கையும் குறிக்கும். வேம் கை எனப் பிரிந்து வேகின்ற கை என்றும் பொருள் தரும். இதைப் படித்துத் தேர்ந்த எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காரணம் உண்டு. விடுமுறைக்கு முந்திய வாரம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'ஆறு' என்ற சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதி வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தேன். என் மனத்தில் இருந்தது எண். ஒரு மாணவன், "எங்கள் கம்பத்தின் அருகே ஆறு ஓடுகிறது" என எழுதினான். நான் சிவப்பு மையால் பிழையிட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு அமர்ந்தான்.

பெயரை மட்டும் கொடுத்தவன் நான். கம்பைலர் என்னை நிறுத்திக் கேட்டது. அவனோ ஆசிரியரைக் கேட்க அஞ்சினான்.

பள்ளி திறந்ததும் அவன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பிழைக்குறியை அடித்துச் சரியிட்டேன். "உன் வாக்கியம் சரி. ஐயாவின் கேள்விதான் தெளிவாக இல்லை" என்றேன். அவன் தயங்கியபடி கேட்டான்:

"அப்படியென்றால், ஐயா, ஆறு ஆறுகள் என்றும் எழுதலாமா?"