23-வது தீர்த்தம்

அப்பாவின் திதிக்காக அம்மாவுடன் ராமேஸ்வரம் போயிருந்தேன். அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். பாவம் போனதா தெரியாது, ஜலதோஷம் வந்தது!

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். கூரையில்லாத சர்ச்சைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போனால், இரண்டு பக்கமும் கடல். இங்கே உட்கார்ந்தால் கட்டுரை தானாக வரும் என்று நினைத்து, கற்கள் மேல் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டுரை வரவில்லை. அலை வந்தது!

கீபோர்டு முழுக்க உப்புத் தண்ணீர். உடனே ஆஃப் செய்தேனா? அதுதான் இல்லை. கர்சீப்பால் துடைத்துவிட்டு, 'அட, ஓடுதே!' என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி யாரோ சொன்னார்களென்று அரிசி வாங்கி அதற்குள் புதைத்தும் வைத்தேன்.

காலையில் ஆன் ஆனது. ஆனால் 'அ' அடித்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் திரையில் 'அ' வந்தது!

சிரிப்பு அதோடு நின்றது. அப்பாவின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். ஆல்பத்தைக் கரையான் தின்று பல வருஷமாச்சு. வேறு காப்பி? நான் பி.காம். எல்லாக் கணக்குக்கும் இன்னொரு பிரதி வேண்டும் என்று பரீட்சையில் எழுதியவன். எழுதியதோடு சரி.

ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். பாம்பன் வந்தது. 1914-ல் திறந்த ரயில் பாலம், நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயிலுக்கு விடை கொடுத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத கம்பி, விசேஷ பெயிண்ட். பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், என் லேப்டாப் எந்த மூலைக்கு?

கடைத் தம்பி கழற்றினான். உள்ளே பாசி மாதிரி பச்சை. கூடவே இரண்டு அரிசி.

"பொங்கல் வச்சிருவமாண்ணே?"

"அரிசி ஈரத்தை இழுக்கும்னாங்களே தம்பி..."

"தண்ணி தானா காஞ்சிரும்ணே. உப்பு போகாது. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து செம்பை அரிச்சுக்கிட்டே இருக்கும். கரண்டு ஓடுனா இன்னும் வேகமா அரிக்கும். இந்தா பாருங்க, ஃபேன் சுத்தலை. சூடு ஏறுனா பிராசஸர் கருகிடாம இருக்க தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதான் ஸ்லோ. நீங்க வைரஸ்னு நினைச்சிருப்பீங்களே?"

நினைத்திருந்தேன்.

"அப்ப என்னதான் பண்ணியிருக்கணும்?"

"சார்ஜரைப் புடுங்கி, பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணிட்டு, கவுத்து வைக்கணும். 'ஓடுதா பாப்போம்'னு மட்டும் ஆன் பண்ணக் கூடாது. அன்னைக்கே கடைக்குக் கொண்டாந்திரணும்."

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். "கடல்ல குளிச்சா நல்ல தண்ணி ஊத்துறோம்ல? அதே கணக்குதான்."

காய வைத்து, புது ஃபேன், புது கீபோர்டு மாட்டி ஆன் செய்தான். வேட்டியை மடித்துக் கட்டி, சைக்கிளில் சாய்ந்தபடி அப்பா சிரித்தார். எனக்குத்தான் கண்ணில் உப்புத் தண்ணீர். அங்கேயே பென் டிரைவ் வாங்கி முதலில் அவரை அதில் ஏற்றினேன்.

"இனிமே ஸ்லோ ஆகாதே?"

"எங்கயாச்சும் உப்பு ஒளிஞ்சிருந்தா ஆகும்ணே. காப்பி எடுத்துட்டீங்கள்ல? பயமில்லாம போங்க."

லாட்ஜில் அம்மா கேட்டாள்: "என்னடா, பொட்டிக்கும் தீர்த்தமாடியாச்சா?"

"ஆச்சும்மா, 23-வது தீர்த்தம். கொஞ்சம் ஆல்கஹால் வாடை அடிக்கும்... நான் குடிக்கலை!"