போலி ஊசி கூறும் உண்மை

பருத்த உடலைக் கண்டவுடன் அதற்குரியவரின் மனவுறுதியைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிடுதல் நம்மிடையே வேரூன்றிய வழக்கமாகும். வாயைக் கட்டத் தெரியாதவர் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே என் சின்னம்மா கலியாண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். இரவில் அரைக் கோப்பைக் கஞ்சியுடன் அவர் படுக்கைக்குச் செல்வதை நான் அறிவேன். ஆதலால், 2021ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருந்தாய்வின் முடிவுகளை வெறும் மருத்துவச் செய்தியாக என்னால் வாசிக்க இயலவில்லை.

செமகுளூரைட் என்னும் அம்மருந்து, உணவுண்டபின் குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போன்று மூளையிற் செயற்பட்டுப் பசியைத் தணிப்பது. நீரிழிவு நோயற்ற, உடற்பருமனோ மிகையெடையோடு கூடிய பிற கோளாறோ உடைய 1961 பேர் 16 நாடுகளில் இவ்வாய்விற் பங்குகொண்டனர். மூவரில் இருவருக்கு வாரம் ஒருமுறை மருந்தூசியும், ஏனையோருக்கு மருந்தற்ற போலி ஊசியும் 68 வாரங்கள் வழங்கப்பட்டன. எவருக்கு எது கிடைத்தது என்பதைப் பங்குகொண்டோரும் அறியார், ஆய்வாளரும் அறியார். நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்த உணவு, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்னும் ஆலோசனை இரு சாராருக்கும் ஒன்றாகவே அமைந்தது.

மருந்து பெற்றோரின் நிறை சராசரி 14.9 சதவீதம் குறைந்தது. போலி ஊசி பெற்றோரின் நிறையோ 2.4 சதவீதமே குறைந்தது. பலரும் முதலாவது எண்ணையே வியந்தனர். எனது சிந்தனையோ இரண்டாவது எண்ணிலேயே நிலைத்தது. ஆலோசனையும் கண்காணிப்பும் ஓராண்டுக்கு மேலாகப் பெற்றவர்களுக்கே பயன் இத்துணை சிறிதாயின், பசி என்பது மனவுறுதிக்கு மாத்திரம் கட்டுப்பட்டதன்று என்பது புலனாகும்.

இம்மருந்தைக் குறைகளற்றதெனக் கொள்ளவியலாது. குமட்டலும் வாந்தியும் வயிற்றோட்டமும் பலரை வருத்தின. ஊசியை நிறுத்தி ஓராண்டு கழிந்தபோது, இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. ஆய்வுக்கு நிதி வழங்கியதும் மருந்தை ஆக்கும் நொவோ நோர்டிஸ்க் நிறுவனமே. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற றிமோனபாந்த் என்னும் மருந்து, உளப் பாதிப்புகள் காரணமாக 2008இல் விலக்கப்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. பரிசோதனை நீண்டதாயும் கடியதாயும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இவையே சான்று.

விலையுயர்ந்த இம்மருந்து எல்லோருக்கும் எட்டுவதன்று. எனினும், போலி ஊசி பெற்றோர் நமக்கு ஈட்டித் தந்த அறிவுக்கு விலையில்லை. அதனை அறிந்த பின்னரும் பிறர் உடலைக் கொண்டு அவர்தம் ஒழுக்கத்தை அளப்போமாயின், குறை நம்முடையதேயாகும்.