எஞ்சின் பின்னால் நிற்கும் படம்

போன நவராத்திரியில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கொலுவின் கீழ்ப்படியை ஒட்டி, ஒரு பிளைவுட் பலகைமேல் நான் துண்டு துண்டாகச் சேர்த்து முடித்த ரயில் படப் பசிலை வைத்திருந்தேன். சுண்டல் வாங்க வந்த எதிர்வீட்டுப் பையன் தசாவதாரத்தையும் பார்க்கவில்லை, செட்டியார் பொம்மையையும் பார்க்கவில்லை. நேரே பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஆன்ட்டி, எஞ்சினைக் கொண்டுபோய்ப் பின்னால சேர்த்திருக்கீங்களே, தப்பு இல்ல?”

தப்பு இல்லை. அது ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போவதில்லை. கடைசியில் நின்று தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் கடும் ஏற்றம். சில இடங்களில் 12 அடி போனால் ஓர் அடி உயர வேண்டும். வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை, மொத்தம் 46 கிலோமீட்டர். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னபோது பலகையில் அந்தப் பல்பட்டையைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தான்.

உண்மையைச் சொன்னால், அந்த ரயிலில் நான் நாலு தடவை போயிருக்கிறேன். பல்பட்டையை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஜன்னலோரம் பிடிப்பதிலும் குரங்குக்குப் பயந்து பிஸ்கட்டை ஒளிப்பதிலும் நேரம் போய்விடும். ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது என் தம்பி எடுத்த போட்டோதான் அந்தப் பசில் படம். தி. நகரில் கொடுத்து 500 துண்டு பசிலாக வெட்டி வாங்கினோம். துண்டு துண்டாகக் கையில் எடுத்த பிறகுதான் அந்த எஞ்சின் எனக்குத் தெரிய வந்தது.

எஞ்சின் துண்டுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருண்டு கிடக்கும். அவற்றை மட்டும் முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஒரு துண்டில் உருளையான ஏதோ ஒன்றின் பாதி. இன்னொன்றிலும் அதே மாதிரி பாதி. இரண்டும் ஒரே உருளை என்று நினைத்து மூன்று நாள் முட்டிக்கொண்டேன். ஒரு துண்டின் மூக்கு மற்றதன் குழியில் உட்காரவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, உருளையே இரண்டு. அந்த எஞ்சினுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்று. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், மற்ற ஜோடி பல்சக்கரத்தை ஓட்டும். தம்பி ஒரு ரயில் பைத்தியம். போனில் கேட்டதும் இதைச் சொல்லிவிட்டான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்ததே ஒரு துண்டு பொருந்தாததால்தான்.

பாண்டி பஜாரில் வாங்கிய பெட்டிகளும் அலமாரியில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம், ஸ்காட்லாந்தில் 21 வளைவுகளோடு நிற்கும் கிளன்ஃபினன் பாலம். போகாத ஊரின் பாலத்தில் எத்தனை வளைவு என்று எனக்கு மனப்பாடம். பசில் வைத்து ஊர் தெரிந்துகொள்வது பழைய பழக்கம்தான். லண்டனில் 1760களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க விற்றாராம். பிற்பாடு, 1924இலிருந்து, இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் எஞ்சின் படங்களையும் தன் பாதையில் உள்ள ஊர்களின் படங்களையும் சாட் வேலி என்ற பொம்மைக் கம்பெனியிடம் கொடுத்து மரத்தில் பசில் செய்து விற்றது. தன் ரயிலைத் தன் ஜனங்கள் வீட்டு மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ரயில்வே நினைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம்மிடம் அந்த நினைப்பு இல்லை. அப்பா மாம்பலத்தில் ஏறி பீச்சில் இறங்கி வேலைக்குப் போனவர். அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931இலிருந்து 2004 ஜூலை வரை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடியது. எங்கள் வீட்டில் அதில் போகாதவர்கள் யாரும் இல்லை. அந்த வண்டியின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பசில் போடலாம் என்று பழைய ஆல்பங்களைத் தேடியபோதுதான் தெரிந்தது. அன்று எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

சேர்த்து முடித்ததை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேலே ஃபெவிகால் தடவிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. கபாலி கோயில் பக்கம் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்களிடம் கொடுத்து நானும் கிளன்ஃபினனை ஹாலில் மாட்டினேன். முதல் மாதம் தினமும் பார்த்தேன். பிறகு அது காலண்டர் மாதிரி ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் அட்டை அப்பளம்போல நமுத்து, கண்ணாடிக்குள்ளேயே நடுவில் உப்பிக்கொண்டது. ஒட்டிய பசிலைப் பிரித்துக் காயவைக்கவும் முடியாது.

அதனால் என் முடிவு: ஒட்டக் கூடாது. கொலு மாதிரி வைக்க வேண்டும். ஒன்பது நாள் நாலு பேர் வந்து பார்க்கட்டும், பையன்கள் கேள்வி கேட்கட்டும். விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றும்போது பசிலையும் பிரித்துப் பெட்டியில் போட்டேன். எண்ணிப் பார்த்தால் 499. வீடு பெருக்கும்போது எங்கோ போயிருக்கிறது, புகைபோக்கிக்குப் பக்கத்துத் துண்டு. கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டை ஒன்றாக ஒட்டி, பக்கத்துத் துண்டுகளை வைத்து விளிம்பு வரைந்து, நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். அதில் தம்பி பெண் வாட்டர் கலரில் புகை தீட்டினாள். பளபளப்பு இருக்காது, ஆனால் இறுக்கமாக உட்கார்ந்துவிடும்.

இப்போது அந்தப் பெட்டி அடையாற்றில் ஒரு சிநேகிதி வீட்டில் இருக்கிறது. திருமயிலையில் ஏறி மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் தாண்டி கஸ்தூரிபா நகரில் இறங்கி நானே மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்று, அந்த ரயில் கிளம்பிப் போவதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் சேர்த்து முடித்த பெட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்தவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் துண்டுகளை எண்ணி, எத்தனை இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.