மூன்றாவது துவாரம்

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு தை மாதத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "உங்கள் பையன் என்ன படிக்கிறான்?" என்று விசாரித்தார்.

"எலெக்ட்ரிகல்" என்றேன்.

"பேஷ்! எஞ்ஜினீயராகப் போகிறான் என்று சொல்லுங்கள்" என்றார் அவர்.

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெகு சிரத்தையாக ரசத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு, "உண்மையே பேச வேண்டும்" என்று போதித்து வரும் உபாத்தியாயன், ஒரு பொய்யைச் சொல்லாமலே சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

வாஸ்தவம் என்னவென்றால், பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியவுடன், "அப்பா, நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிஷியன் பிரிவில் சேரப் போகிறேன்" என்று சொல்லிவிட்டான். சிறு வயதிலிருந்தே கெட்டுப் போன விசிறிகளைப் பிரித்துப் போடுவதில் அவனுக்குப் பிரியம் அதிகம். ஆனால் விளையாட்டு வேறு, ஜீவனோபாயம் வேறு அல்லவா?

எங்களுக்குக் கோயமுத்தூர்தான் சொந்த ஊர். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, மலையிலிருந்து இறங்கி வந்த மின்சாரத்தினால் இங்கே பஞ்சாலைகள் பெருகின. வயல்களில் கமலை ஏற்றம் போய்ப் பம்பு வந்தது. அப்படி வளர்ந்த ஆலைகளில் ஒன்றிலேதான் என் தகப்பனார் வேலை பார்த்தார். தலைமயிரில் பஞ்சுத் தூசி படியாத உத்தியோகம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே என்னைச் சர்வகலாசாலை வரையில் படிக்க வைத்தார். அவருடைய பேரன் தோளில் ஏணியைச் சுமந்து கொண்டு வீதியில் போவதா?

மூன்று நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் என் மனைவி, "அவன் மனசுக்குப் பிடித்ததைக் கற்றுக் கொள்ளட்டுமே" என்றாள். நான் தோற்றுப் போனேன். ஆனால் தோல்வியை ஊராரிடம் ஒப்புக் கொள்ளவில்லை. "எலெக்ட்ரிகல்" என்று பாதி வார்த்தையோடு நிறுத்திக் கொள்ளப் பழகினேன்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தொழில் நடக்கும் இடத்திலேயே பழக வேண்டும். 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி அதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பையனுக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தபடியால், நானும் கையெழுத்திட நேர்ந்தது. அந்தச் சட்டத்தில் பழகுநன் தொழிலாளி அல்லன், கற்கிறவன்தான். மாதா மாதம் உதவித் தொகை உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இதைப் படித்தபோது என் பேனா சற்றுத் தயங்கியது. ஆனால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் யார் வேலையைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள் என்று எண்ணிக் கையெழுத்தைப் போட்டேன்.

முதல் மாதத்தில் பையன் செய்ததெல்லாம் ஏணியைப் பிடிப்பதும், கேட்ட கருவியை எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் இடத்தைப் பெருக்குவதுந்தான். "இதற்காகவா இரண்டு வருஷம் படித்தாய்?" என்று கேட்டேன். அவன் சிரித்துக் கொண்டே, அன்று கற்ற பாடத்தைச் சொன்னான்.

"கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை முதலில் மின்சாரம் நிச்சயமாக இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப் போகிற இடத்தில் வைக்க வேண்டும். அதற்கப்புறம் மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்."

"ஒரு தடவை பார்த்தால் போதாதா?"

"டெஸ்டரே கெட்டுப் போயிருந்தால், அப்பா? உயிருள்ள கம்பியைக்கூடச் செத்த கம்பி என்று அது சொல்லிவிடுமே!"

பௌதிக சாஸ்திரத்தில் நான் பெற்ற பட்டத்தில் இந்தப் பாடம் இல்லை.

ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு ஞாயிற்றுக் கிழமை. சமையலறையில் இட்லிக்கு மாவு அரைபட்டுக் கொண்டிருந்தது. உள்ளே போன பையன், "எதற்கம்மா மணைமேல் ஏறி நின்று அரைக்கிறாய்?" என்று கேட்டான்.

"இந்தக் கிரைண்டரைத் தொட்டால் கை சுருக் சுருக்கென்கிறது. மழைக் காலத்தில் இன்னும் அதிகம். மணைமேல் நின்றால் ஒன்றும் தெரிவதில்லை" என்றாள் அவள்.

எனக்கு ஞாபகம் வந்தது. முன்பு ஒரு தடவை என்னிடமும் இதைச் சொன்னாள். "ஈரக் கையோடு தொடாதே" என்று சொல்லிவிட்டு நான் பத்திரிகை படிக்கப் போய்விட்டேன்.

பையன் கிரைண்டரை நிறுத்திச் செருகியைப் பிடுங்கினான். பிறகு குடையை எடுத்துக் கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். நானும் பின்னால் போனேன். பச்சைக் கம்பி ஒன்று வெளிச் சுவரோடு இறங்கி வந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் அநாதையாகத் தொங்கியது. கீழே குழாயும் இல்லை, குழியும் இல்லை. வீடு கட்டியபோது எர்த் போட்டதற்கு நான் பணம் கொடுத்த ரசீது மட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்தது!

மின்செருகியின் மூன்றாவது முனை ஏன் நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறது? இது நான் வருஷந்தோறும் கேட்கும் இரண்டு மார்க்குக் கேள்வி. நீளமாயிருப்பதால் பூமியோடு உள்ள தொடர்பு முதலில் ஏற்பட்டுக் கடைசியில் விடுபடும். பருமனாயிருப்பதால் வேறு துவாரத்தில் நுழையாது. இந்த விடைக்கு எத்தனையோ நூறு தாள்களில் 'சரி' போட்டிருக்கிறேன். என் வீட்டு மூன்றாவது துவாரம் எங்கும் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக் கொள்வோம். 230 வோல்ட்டு முழுவதும் பாய்ந்தால் 230 மில்லி ஆம்பியர் ஆகிறது. மனித உயிரைக் காப்பதற்கென்று வீடுகளில் பொருத்தும் கசிவுத் தடுப்பு ஸ்விட்சோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்படுகிறது. என் மனைவிக்கும் யமனுக்கும் நடுவே இத்தனை வருஷமாக ஒரு பலாமரத்து மணைதான் நின்றிருக்கிறது. அதுவும் உலர்ந்திருந்த வரையில்! ஒரு நாள் அந்த மணை நனைந்திருந்தால்? எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பொழுது விடிந்ததும் பையனிடம், "வேண்டிய சாமானெல்லாம் நான் வாங்கி வருகிறேன். இன்றைக்கே நீ புதைத்து இணைத்துவிடு" என்றேன்.

"நான் செய்யக் கூடாது, அப்பா. உரிமம் உள்ளவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் அண்ணனைக் கூட்டி வருகிறேன்."

"உனக்குத் தெரியாத வேலையா? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

"தெரியும் என்று நினைத்துச் செய்கிறவர்கள்தான் அப்பா அடிபடுகிறார்கள்" என்றான் அவன். கிரைண்டரின்மேல் 'தொடாதே' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பரீட்சையில் பார்த்து எழுதக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லும் நான், "யார் கேட்கப் போகிறார்கள்?" என்று பெற்ற பிள்ளையிடம் சொன்னேன். ஏணி பிடித்து, தரை பெருக்கி அவன் கற்றுக் கொண்டது கம்பி முறுக்கும் வித்தை மட்டும் அல்ல. தன்னால் எது ஆகும், இன்னும் எது ஆகாது என்ற எல்லைக் கோட்டையும் கற்றிருந்தான்.

இரண்டு நாள் வீட்டில் உப்புமாதான். மூன்றாம் நாள் அந்த அண்ணன் வந்தார். குழி வெட்டி இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை நிறுத்தினார்கள். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். கருவி வைத்து அளந்து பார்த்த பிறகே கம்பியை இணைத்தார்கள். கசிவுத் தடுப்பு ஸ்விட்சும் ஏறியது. கிரைண்டரின் மோட்டாரில் ஈரம் ஏறியிருந்தது. அதையும் எடுத்துப் போய்ச் சரி செய்து கொடுத்தார். "கரியும் உப்பும் எதற்கென்று சாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் ஈரம் காயாமல் இருப்பதற்குத்தான்" என்றார். நான் கல்யாணப் பந்தியில் போலவே மௌனமாக இருந்தேன்.

கைத்தொழிலின் மூலமாகவே கல்வி புகட்ட வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டு வார்தா மகாநாட்டில் காந்தி மகான் சொன்னார். நாம் வருஷந்தோறும் அவருக்கு ஜயந்தி கொண்டாடினோம். பிள்ளைகளை மட்டும் கை அழுக்குப்படாத இடமாகப் பார்த்து அனுப்பினோம். புத்தகப் படிப்பு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பேஸ் மின்சாரத்தில் மூன்றின் வர்க்கமூலம் எங்கிருந்து வந்து நுழைகிறது என்று இப்போதும் பையன் இரவு வேளையில் என்னிடந்தான் கேட்டுத் தெரிந்து கொள்கிறான். நான் சொல்லிக் கொடுக்கிறேன். அவனிடமிருந்தும் கற்றுக் கொள்கிறேன். இரண்டு வித்தைகளும் ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ் உட்காருகின்றன.

சென்ற மாதம் மறுபடியும் ஒரு விருந்து. தற்செயலாக அதே பெரியவர் பக்கத்தில் அமர்ந்தார். "பையன் எஞ்ஜினீயர் படிப்பை முடித்துவிட்டானா?" என்று கேட்டார்.

"அவன் அந்தப் படிப்புப் படிக்கவில்லை. எலெக்ட்ரிஷியன் வேலை பழகுகிறான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில், "எங்கள் வீட்டில் வெந்நீர்க் குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. பையனைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்றார்.

"அவன் வரமாட்டான். இன்னும் உரிமம் வாங்கவில்லை. அவனுடைய அண்ணனை நாளைக்கே அனுப்புகிறேன். அதுவரையில் ஹீட்டரைப் போடாதீர்கள்" என்றேன்.

அன்று ரசம் மிகவும் நன்றாக இருந்தது.