அணில் இறங்காத பாதை

பிப்ரவரி 9, சின்னார்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் சின்னார் செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் கேரளம் என்றதும் மனத்தில் எழும் பச்சை இங்கே இல்லை. தென்மேற்குப் பருவமழையை மூணாறுப் பக்கத்து மலைகளே வாங்கிக்கொண்டுவிடுகின்றன. இந்தச் சரிவுக்கு ஆண்டில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. எங்கு பார்த்தாலும் உடைமரம், கிளுவை, கள்ளி, காய்ந்த புல். 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த 90 சதுர கிலோமீட்டர் காட்டின் செயற்கைக்கோள் படத்தைக் கோடையில் பார்த்தால், பழுப்புக்கு நடுவே பச்சைக் கோடுகளாகத் தெரிவன ஆற்றோரங்கள்தாம். சின்னாறும் பாம்பாறும் கூட்டாற்றில் கலந்து அமராவதியாகி, அணையில் தேங்கி, கரூருக்கு அப்பால் காவிரியில் சேர்கின்றன. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே. பாம்பாறு அவற்றில் ஒன்று. இரவிகுளத்துப் புல்வெளிகளும் சோலைகளும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற நீர் இது. கரையில் நிற்கும் நீர்மருதும் நாவலும் புங்கனும் அத்தியும் தங்கள் தலைமேல் பெய்யாத மழையைக் குடித்து வளர்ந்தவை.

இயற்கையை விரும்புகிறவர்கள் இங்கே நடக்க வருவதற்குக் காரணமும் இந்த முரண்தான். முள்காட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது பாதை ஆற்றை நோக்கி இறங்குகிறது. சில எட்டுகளில் வெளிச்சமே மாறிவிடுகிறது. பட்டை உரிந்து வெளுத்த மருத மரங்கள், நீரில் நனையும் வேர்கள், பாறைமேல் நீர்நாய் விட்டுச்சென்ற மீன்செதில் கலந்த எச்சம். ஆனால் இந்தக் காட்டின் அகலம் சில இடங்களில் கல்லெறி தூரம்கூட இல்லை. இத்தனை ஒடுக்கமான ஒன்றுக்குள் மனிதர்களுக்கும் ஒரு பாதை வேண்டுமென்றால், அந்தப் பாதையின் தரத்தை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி வருகிறது.

பிப்ரவரி 10

வழக்கமாக அளப்பது தரையை வைத்து. கால் இடறுகிறதா, கைப்பிடி இருக்கிறதா, இன்டர்லாக் கல் பதித்தாயிற்றா, ஆறு தெளிவாகத் தெரிகிறதா. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஆபத்து. ஆறு தெரிய வேண்டும் என்பதற்காகக் கிளைகளைக் கழிப்பார்கள். செல்ஃபி எடுக்க ஒரு மேடை கட்டுவார்கள். அதற்கு ஒரு மரம் இடைஞ்சலாக இருக்கும். என் வாதம், ஆற்றோரக் காட்டுப் பாதையைத் தரையைப் பார்த்து அளக்கக்கூடாது, அண்ணாந்து பார்த்து அளக்க வேண்டும் என்பது. நாம் கீழே நடக்கிற அதே தூரத்தைச் சாம்பல் நிற அணில் மேலே ஒரு தடவையும் தரைக்கு இறங்காமல் கடக்க முடிந்தால் அது நல்ல பாதை. முடியாவிட்டால், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அது கெட்ட பாதை.

இந்த அணிலை அளவுகோலாக்கக் காரணம் உண்டு. இந்தியாவில் இது வாழும் இடங்கள் மிகக் குறைவு: சின்னார், திருவில்லிபுத்தூர் மலையடிவாரம், ஒகேனக்கல்லைச் சுற்றிய காவிரிக் கரைக்காடு, இன்னும் சில துண்டுகள். பெரும்பாலும் மரத்திலேயே தின்று, மரத்திலேயே உறங்கி, மரத்திலேயே குட்டி வளர்க்கும் விலங்கு. பக்கத்து மரத்தின் தலை தொடுகிற மரமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள். கழுகு பாய்ந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வழி இருக்க வேண்டுமே. ஒரே ஒரு பெரிய மரத்தை விட்டுவைத்துவிட்டுச் சுற்றிலும் வெட்டிவிட்டால் நமக்கு அது நிழல்தரும் தோப்பு. அணிலுக்கு அது தப்ப முடியாத தீவு. எத்தனை மரம் நிற்கிறது என்ற எண்ணிக்கை இதைக் காட்டாது. கிளைகள் தொடுகின்றனவா என்பதே காட்டும்.

இன்னொரு சான்று திருவில்லிபுத்தூரிலிருந்து. அங்கே 1988-இல் இந்த அணிலுக்கென்றே சரணாலயம் அமைந்தது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. ஆனால் செண்பகத்தோப்புப் பக்கம் அணில்கள் சரணாலய எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அடிவாரத்துத் தனியார் மாந்தோப்புகளிலும் புளிய மரங்களிலும் கூடு கட்டித் திரிகின்றன. மனிதக் கை படாத கன்னிக்காடு வேண்டும் என்பது அதன் நிபந்தனை அல்ல என்று இது சொல்கிறது. ஆள் நடமாட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறது, கிளைகளின் தொடர்ச்சி இருந்தால். ஆகவே நடப்பவர்களைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 12

எதிர்வாதங்களைப் பார்ப்போம். வெள்ளம் வந்தால் ஆறே மரங்களைச் சாய்த்துவிடுகிறது, யானை கிளை ஒடிக்கிறது, பாதைக்காக நாலு மரம் போனால் என்ன என்பது ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளம் எடுத்த இடத்தில் மணலையும் வண்டலையும் போட்டுவிட்டுப் போகிறது. மருதின் ஐந்து சிறகுக் காய் நீரில் மிதந்து வந்து அங்கேதான் ஒதுங்கும், கன்று முளைக்கும். ஆறு உண்டாக்கிய இடைவெளி மூடிக்கொள்ளும். பாதை உண்டாக்கிய இடைவெளி மூடாது, ஏனென்றால் நாள்தோறும் மிதிக்கிறோம். மிதித்து இறுகிய மண்ணில் விதை ஊன்றாது. போதாததற்குச் சருகைப் பெருக்கி, விழுந்த கட்டையை அப்புறப்படுத்தி, ‘சுத்தமாக’ வைத்துக்கொள்வதாகப் பெருமைப்படுகிறோம். ஆற்றங்கரையில் சருகும் கட்டையும் குப்பை என்று நினைப்பவரைக் காட்டுக்குப் பொறுப்பாக்கக்கூடாது.

கயிற்றுப் பாலம் கட்டிவிடலாமே என்பார்கள். வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கட்டிய பாலங்களைச் சிங்கவால் குரங்குகள் பயன்படுத்துகின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அது இடம் மாற்ற முடியாத தார்ச்சாலைக்கான வைத்தியம். ஒற்றையடிப் பாதையை நாலடி தள்ளிப் போட்டால் தீர்ந்துவிடும் காரியத்துக்கு மரத்தை வெட்டிவிட்டுக் கயிறு கட்டுவது விசித்திரம்.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது: ஒரே ஒரு விலங்கின் வசதிக்காக ஒரு காட்டையே அளக்கலாமா? நட்சத்திர ஆமைக்கு மூடிய கூரை வேண்டாம், திறந்த முள்காடுதான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோல் ஆற்றோரப் பட்டைக்கு மட்டுமே. அதைக் கொண்டுபோய்ச் சரிவிலே நாட்டினால் ஆமைக்குக் கேடு. ஆனால் அந்தப் பட்டைக்குள் அணிலுக்கு வேண்டியதும் மற்றவற்றுக்கு வேண்டியதும் ஒன்றோடொன்று பின்னியவை. தொடர்ந்த கூரை ஓடைநீரைக் குளிர வைக்கிறது, அதில் விழும் பூச்சியும் பழமும் மீனுக்கு இரை, மீன் நீர்நாய்க்கு. வேர்ப்பின்னல் போனால் கரை சரியும். சரிந்த கரையில் நீர்நாய்க்கு வளையும் இல்லை.

பிப்ரவரி 15

முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் காட்டைப் பார்க்க வேண்டாமா என்ற கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. வேண்டும். ஆனால் அதற்கு முழு ஆற்றங்கரையையும் சமதளமாக்க வேண்டியதில்லை. சாலை ஏற்கனவே ஆற்றை நெருங்குகிற இடத்தில், மரங்களுக்கு இடையே வளைந்து போகும் ஒரு குறுகிய மரப்பலகைத் தடம் போதும். மற்ற தூரமெல்லாம், முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகளோடு போகும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கட்டும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காற்றிலே அறிகிறவர்கள் அவர்கள். கைப்பிடிக் கம்பியால் அந்தப் பாதுகாப்பைத் தர முடியாது. நடக்க வருபவர் கொடுக்கும் கட்டணம் அவர்கள் கூலியாவதும் சரியான கணக்கு. ஆள் வராத காட்டுக்காகப் பேச ஆள் இருக்காது என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வரட்டும், சிறு குழுக்களாக.

எஞ்சுவது கரைக் கணக்கு. சின்னாறு இரு மாநில எல்லை. இந்தக் கரை கேரள வனத்துறையின் சரணாலயம், அந்தக் கரை தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஆறு ஒடுங்கும் இடங்களில் இரு கரைக் கிளைகளும் எட்டித் தொட்டுக்கொள்கின்றன. அணிலுக்கு அங்கே செக்போஸ்ட் கிடையாது. ஒரு கரையில் பாதை இருக்கிறதென்று மறுகரையிலும் போட்டியாக ஒன்று போட்டால் இரண்டு பக்கக் கூரையும் ஒரே சமயத்தில் கிழியும். எனவே நடைபாதை ஒரு கரையில் மட்டும் இருக்கட்டும், எதிர்க்கரையில் ஒன்றுமே வேண்டாம் என்று இரு துறைகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தக் கரை என்பதைச் சுற்றுலா வருமானத்தை வைத்துத் தீர்மானிக்காமல், கூடுகள் எந்தப் பக்கம் குறைவு என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.